எலும்பு முறிந்தால் உடனே இறுக்கிக் கட்டலாமா? காலுக்குள்ளே நடப்பது இதுதான்!

கேளம்பாக்கம் - வண்டலூர் ரோட்டிலோ ஓஎம்ஆரிலோ பைக்கில் இருந்து யாராவது விழுந்தால், சுற்றி நிற்பவர்களில் ஒருவராவது இதைச் சொல்வார்: "ஆஸ்பத்திரிக்குப் போனா பிளேட் வைப்பாங்க, பேசாம புத்தூர் கட்டு போட்டுடுங்க". சென்னை - திருப்பதி சாலையில் இருக்கும் ஆந்திராவின் புத்தூர், எலும்பு முறிவுக் கட்டுக்குப் பல தலைமுறையாகப் பேர் போன ஊர். அந்தப் பெயரில் சென்னை புறநகர் முழுக்க போர்டுகள் இருக்கின்றன. கட்டு நல்லதா, கெட்டதா என்று சண்டை போடும் முன், கட்டப்படும் காலுக்குள் என்ன இருக்கு என்று பார்த்துவிடலாம்.

பெரியவர்கள் உடம்பில் 206 எலும்புகள். இதில் 106 கை, பாதங்களில் மட்டுமே இருக்கின்றன. பிறந்த குழந்தைக்கு எண்ணிக்கை இதைவிட அதிகம். வளர வளர சில எலும்புகள் ஒன்றாகிவிடும். எலும்பை அசைக்கும் தசைகள் 600-க்கும் மேல். தசையை எலும்போடு இணைப்பது தசைநாண். எலும்பையும் எலும்பையும் மூட்டில் பிணைப்பதுதான் கிரிக்கெட் செய்திகளில் அடிக்கடி அடிபடும் 'லிகமென்ட்'.

இப்போ முழங்காலுக்குக் கீழே வாங்க. அங்கே 2 எலும்புகள். முன்பக்கம் தடித்த எலும்பு, வெளிப்பக்கம் மெல்லிய எலும்பு. தடித்த எலும்பின் முன்பக்கத்தில் தசையே கிடையாது, தோலுக்கு அடியில் நேராக எலும்புதான். கட்டில் காலில் இடித்துக்கொண்டால் உயிர் போகிற மாதிரி வலிப்பது அதனால்தான்!

4 அறைகள்

முழங்காலுக்குக் கீழே இருக்கும் தசைகள் 4 தனித்தனி அறைகளில் அடைக்கப்பட்டுள்ளன. அறைச் சுவர் கெட்டியான ஜவ்வு. ரப்பர் மாதிரி விரிந்து கொடுக்காது. ரத்தக் குழாயும் நரம்பும் இந்த அறைகளுக்குள்ளேதான் ஓடுகின்றன.

எலும்பு முறிந்தால் ரத்தம் கசியும், தசை வீங்கும். வீக்கம் வெளியே போக வழியில்லாததால் உள்ளே அழுத்தம் ஏறும். அதன் மேல் இறுக்கமான கட்டும் விழுந்தால், தசைக்கு ரத்தம் போவது நின்றுவிடும். சுமார் 6 மணி நேரம் இப்படியே போனால் தசை நிரந்தரமாகச் செத்துப்போகலாம். காலையே எடுக்க வேண்டிய நிலைகூட வரலாம். முன்கையிலும் இதே ஆபத்து உண்டு. இறுக்கிக் கட்டியதால் விரல்கள் மடங்கியே நின்றுபோவதை ஜெர்மன் டாக்டர் ஃபோல்க்மான் 1881-லேயே எழுதிவிட்டார்.

நாட்டு வைத்தியக் கட்டு மட்டும் இல்லைங்க, ஆஸ்பத்திரியில் போடும் மாவுக்கட்டும் இறுகினால் இதே கதைதான். வித்தியாசம், அங்கே எக்ஸ்ரே எடுத்துப் பார்த்துக் கட்டுவார்கள், வீக்கத்தைக் கவனிப்பார்கள், தேவைப்பட்டால் ஜவ்வைக் கீறி அழுத்தத்தை இறக்குவார்கள்.

"எங்க தாத்தாவுக்குக் கட்டுலயே சரியாச்சே?" என்பவர்களும் பொய் சொல்லவில்லை. எலும்பு உயிருள்ள திசு. விலகாமல் அசையாமல் இருந்தால் முறிந்த இடத்தில் முதலில் ரத்தம் உறையும், சில வாரங்களில் குருத்தெலும்பு போன்ற பாலம் உருவாகும், பிறகு அது கெட்டியாகும். ஆனால், விலகி நிற்கும் எலும்பும் அதே விலகலோடு சேர்ந்துவிடும். தடவிப் பார்த்து மட்டும் இதை உறுதியாகச் சொல்ல முடியாது.

என்ன செய்யணும்?

அட்டையோ குடையோ வைத்து, அசையாத அளவுக்கு மட்டும் லேசாகக் கட்டுங்கள். எண்ணெய் போட்டு நீவ வேண்டாம். கொலுசு, மெட்டி, மோதிரத்தை முதலில் கழற்றுங்கள். வீங்கிய பிறகு கழற்ற வராது. 108-ஐ அழையுங்கள்.

கட்டு போட்ட பிறகு வலி குறையாமல் கூடிக்கொண்டே போனால், விரலை லேசாக நிமிர்த்தினாலே தாங்க முடியாவிட்டால், மரத்துப்போனால், காலை வரை காத்திருக்க வேண்டாம். துணிக்கட்டு என்றால் உடனே தளர்த்துங்கள், மாவுக்கட்டு என்றால் போட்ட இடத்துக்கே ஓடுங்கள். காலைத் தலையணை அடுக்கி உயர்த்தவும் கூடாது; நெஞ்சு மட்டத்தில் இருக்கட்டும். 'நாடித்துடிப்பு இருக்கே' என்று விட்டுவிடாதீர்கள், அழுத்தம் ஏறிய பிறகும் துடிப்பு இருக்கும்.

செலவுக்குப் பயந்துதான் பலர் கட்டைத் தேடுகிறார்கள். சாலை விபத்து என்றால், 2021 டிசம்பரில் மேல்மருவத்தூரில் தொடங்கப்பட்ட 'இன்னுயிர் காப்போம் - நம்மைக் காக்கும் 48' திட்டம் இருக்கிறது. திட்டத்தில் சேர்ந்த அரசு, தனியார் மருத்துவமனைகளில் முதல் 48 மணி நேர அவசர சிகிச்சையை, நிர்ணயித்த வரம்பு வரை, இலவசமாகப் பெறலாம்.