பாண்டியன் கும்பிட்டது யாரை?

ஆடி மாதம் தென்காசிக்குப் போயிருக்கிறீர்களா? போனால், குற்றாலத்துக்கு ஓடுவதற்கு முன் காசி விசுவநாதர் கோயில் கோபுர வாசலில் ஐந்து நிமிஷம் சும்மா நின்று பாருங்கள். மேற்குத் தொடர்ச்சி மலையில் செங்கோட்டைப் பக்கம் ஒரு கணவாய் இருக்கிறது. கேரளத்திலிருந்து வரும் தென்மேற்குப் பருவக்காற்று அந்தச் சந்தில் புகுந்து, கொஞ்சம் சாரலையும் அள்ளிக்கொண்டு, இந்த வாசலுக்கு வந்து சேரும். வேட்டி கட்டியவர்கள் இரண்டு கையாலும் வேட்டியைப் பிடித்துக்கொண்டுதான் உள்ளே போகவேண்டும். முதலில் எதிர்த்துத் தள்ளுகிற காற்று, நாலடி தாண்டியதும் முதுகில் கைவைத்து உள்ளே அனுப்பும் என்பார்கள் ஊர்க்காரர்கள்.

இந்தக் கோயிலைக் கட்டியவர் பராக்கிரம பாண்டியன். 1446-ல் வேலை தொடங்கியது. அவர் பெயரில் இங்கே சில பாடல்கள் கல்லில் வெட்டப்பட்டிருக்கின்றன. பொதுவாகக் கல்வெட்டு என்றால் ராஜாக்கள் என்ன சொல்வார்கள்? இன்னாரை ஜெயித்தேன், இத்தனை வேலி நிலம் கொடுத்தேன், இந்தத் தர்மத்துக்குக் கெடுதல் செய்கிறவன் கங்கைக் கரையில் பசுவைக் கொன்ற பாவத்தில் போவான்... இப்படித்தான் இருக்கும்.

பராக்கிரம பாண்டியன் வேறு ஒன்று சொல்கிறார். பிற்காலத்தில் இந்தக் கோயிலுக்கு ஏதாவது பழுது வரலாம். அப்போது யாராக இருந்தாலும் சரி, வந்து அதைச் சரிசெய்து காப்பாற்றுகிறவர்களை, உலகம் அறிய நான் இப்போதே பணிகிறேன் என்கிறார்!

ஒரு ராஜா, இன்னும் பிறக்காத ஒரு ரிப்பேர்க்காரரைக் கும்பிடுகிறார்.

எனக்கு இது ஞாபகம் வந்தது கோயிலில் அல்ல, ஒரு செப்டிக் டேங்க் ஓரத்தில்.

நண்பர் ஒருவர் தென்காசிக்கு வெளியே, குற்றாலம் போகிற வழியில் சொந்தமாக வீடு கட்டிக்கொண்டிருந்தார். இன்ஜினீயர் இல்லை; அவரும் ஒரு கொத்தனாரும்தான். "வந்து பாத்துட்டு ஒரு அபிப்பிராயம் சொல்லும்வே" என்று கூப்பிட்டிருந்தார். மாடியில் சோலார், ஹாலில் இன்வெர்ட்டர், ஐந்து அறைக்கும் எத்தனை ஸ்விட்ச் என்பது வரை நோட்டில் எழுதி வைத்திருந்தார். "தண்ணி எங்கே போகும்?" என்று கேட்டேன். "அதெல்லாம் குழாய் போட்டாச்சு" என்றார். அதோடு சரி.

அந்த நேரம் பார்த்து கொத்தனார் வந்தார். "அண்ணாச்சி, செப்டிக் டேங்க் மூடி மேலயும் சேத்து டைல்ஸ் ஒட்டிருவோமா? போர்டிகோ பாக்க லெச்சணமா இருக்கும்லா?"

நண்பர் என்னைப் பார்த்தார். பதில் சொல்வதற்கு முன், இந்த ஊர் வீடுகளின் கதையைக் கொஞ்சம் சொல்லவேண்டியிருந்தது. உங்களுக்கும் சொல்கிறேன்.

ரசிகமணி டி.கே.சி.யைத் தெரியும்தானே? கடைசிக் காலத்தில் குற்றாலத்தில் வாழ்ந்து, 1954-ல் மறைந்தவர். ராஜாஜியும் கல்கியும் அவரைத் தேடிக் குற்றாலம் வருவார்கள். அவர் முன்பு திருநெல்வேலி வண்ணாரப்பேட்டையில் இருந்தபோது, அவர் வீட்டில் கூடிய இலக்கியக் கூட்டத்துக்குப் பெயர் 'வட்டத்தொட்டி'. அந்த வீட்டின் வட்டவடிவத் தொட்டிக்கட்டில் உட்கார்ந்து பேசியதால் வந்த பெயர். கம்பனையே ரசித்த சபைக்கு, மழைத்தண்ணீர் விழுகிற இடத்தின் பெயர்!

தொட்டி என்பது சாதாரண விஷயம் இல்லை. நாலு பக்கத்துக் கூரையும் உள்பக்கமாகச் சரிந்து, நடுவே வானம் பார்த்துத் திறந்திருக்கும். பகலில் அதுதான் லைட். சூடான காற்று மேலே ஏறி அந்த வழியாகப் போய்விடும். தார்சா பக்கமிருந்து புதுக்காற்று உள்ளே வரும். அதுதான் ஃபேன். மழை பெய்தால் நாலு கூரைத் தண்ணீரும் அங்கே விழுந்து, ஒரு தூம்பு வழியாக வெளியே போகும். அதுதான் டிரெய்னேஜ். வெளிச்சம், காற்று, தண்ணீர் மூன்றுக்கும் ஒரே ஏற்பாடு!

அடுக்களையில் பாத்திரம் கழுவும் இடத்துக்கு நெல்லைப் பக்கம் 'அங்கணம்' என்று பேர். எவ்வளவு பழைய வார்த்தை தெரியுமா? தகுதியில்லாத சபையில் பேசுவது அங்கணத்தில் அமிழ்தத்தைக் கொட்டுவது மாதிரி என்கிறார் வள்ளுவர். அங்கணத்துத் தண்ணீர் பின்பக்கம் வாழைக்குப் போகும். தெருத்தண்ணீர் வாருகாலில் ஓடும்.

உடனே 'அந்தக் காலம்போல வருமா' என்று பெருமூச்சு விட்டுவிடாதீர்கள். அந்தக் காலத்து வீடுகளில் இன்னொரு வழியும் இருந்தது. கொல்லைப்புறத்தில், தெருவுக்குத் தெரியாமல் ஒரு சந்து. எடுப்புக் கக்கூஸைச் சுத்தம் செய்ய வருகிறவர்களுக்கான வழி. மழைத்தண்ணீருக்கு நடுவீட்டில் இடம் கொடுத்தவர்கள், அந்த மனிதரை முன்வாசலில்கூட நிற்க விடவில்லை. இதையும் சேர்த்துத்தான் அந்த வீட்டைப் பார்க்கவேண்டும்.

பிறகு கரன்ட் வந்தது. பொதிகை மலையடிவாரத்தில் பாபநாசம் நீர்மின் நிலையம் 1944-ல் ஓடத் தொடங்கியது. மலைத்தண்ணீர் பல்பாக எரிந்தது. அது பெரிய வரம்தான். ஆனால் ஸ்விட்சைத் தட்டினால் வெளிச்சம், இன்னொன்றைத் தட்டினால் காற்று என்று ஆனதும், தொட்டி எதற்கு என்ற கேள்வி வந்துவிட்டது. மேலே காங்கிரீட் போட்டு ஒரு ரூம் எடுத்தார்கள். வெளிச்சமும் காற்றும் வயரில் வந்துவிட்டன. தண்ணீர் மட்டும் வழி தெரியாமல் நின்றுவிட்டது!

காற்றுக்கு இன்னொரு வேலையும் கிடைத்தது. தமிழ்நாட்டின் முதல் காற்றாலைப் பண்ணை 1986-ல் தூத்துக்குடி பக்கம் முள்ளக்காட்டில் வந்தது. பிறகு கயத்தாறு, முப்பந்தல், செங்கோட்டைக் கணவாய்க்கு எதிரே உள்ள ஊர்கள் என்று எங்கே பார்த்தாலும் காற்றாடி. கோபுர வாசலில் வேட்டியைப் பறிக்கிற அதே காற்று.

டிரெய்னேஜுக்கு வருவோம். மொகஞ்சதாரோவில் 4,000 வருஷத்துக்கு முந்தைய சாக்கடைகள் இருக்கின்றன. அவற்றை மூடியிருந்த செங்கற்களையும் கல் பலகைகளையும் எடுத்துவிட்டுச் சுத்தம் செய்து, திரும்ப மூடலாம். நம்ம கீழடியில் 2019 அகழாய்வில் ஒன்றுக்குள் ஒன்று பொருந்தும் சுடுமண் குழாய்கள் கிடைத்தன. நாம் இன்று கட்டுகிற செப்டிக் டேங்க் இவற்றையெல்லாம்விட ரொம்பச் சின்னப் பிள்ளை. பிரான்சில் ஜான் லூயி மூரா என்பவர் 1860-களில் தன் வீட்டுக்கழிவு போய் விழுவதற்கு ஒரு தொட்டி கட்டினார். பல வருஷம் கழித்துத் திறந்து பார்த்தால், நிரம்பி வழியும் என்று நினைத்தது கொஞ்சமாகத்தான் கிடந்தது. காற்றில்லாத இடத்தில் வாழும் நுண்ணுயிர்கள் மிச்சத்தைக் கரைத்திருந்தன. 1881-ல் காப்புரிமை வாங்கினார். 1895-ல் இங்கிலாந்தின் எக்ஸிடர் நகரில் டொனால்ட் கேமரூன் இதைப் பெரிதாகக் கட்டி, 'செப்டிக் டேங்க்' என்று பேர் வைத்தார்.

கரைத்தது போக மிச்சம் வண்டலாகத் தங்கும். அதை இரண்டு மூன்று வருஷத்துக்கு ஒருமுறை எடுத்தே ஆகவேண்டும். யார் எடுப்பது?

இங்கேதான் கதை கொடூரமாகிறது. மூடிக்கிடக்கும் டேங்க்கில் மீத்தேனும் ஹைட்ரஜன் சல்ஃபைடும் சேர்ந்திருக்கும். ஹைட்ரஜன் சல்ஃபைடு கொஞ்சமாக இருந்தால் அழுகிய முட்டை நாற்றம் அடிக்கும். அதிகமாக இருந்தால் நாற்றமே தெரியாது. மூக்கை முதலில் மரத்துப்போகச் செய்துவிடும். உள்ளே இறங்கியவர் இரண்டு மூச்சில் விழுந்துவிடுவார். அவரைத் தூக்க இறங்குகிறவரும் விழுவார். மனிதரை இறக்கக்கூடாது என்று 2013-ல் சட்டம் வந்துவிட்டது. இறந்தால் குடும்பத்துக்கு 30 லட்சம் ரூபாய் தரவேண்டும் என்று 2023 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. ஆனாலும் பேப்பரில் அந்தச் செய்தி நிற்கவில்லை.

ஏன் இறங்குகிறார்கள்? பல காரணம் உண்டு. அதில் ஒன்று, குழாயை விட இடமில்லாமல் வீட்டுக்காரர் டைல்ஸ் ஒட்டி வைத்திருப்பது. சுத்தியலால் உடைத்து ஓர் ஓட்டை போட்டு, "கொஞ்சம் இறங்கிப் பாத்துருப்பா" என்று சொல்லும் நிலைமையை, வீடு கட்டுகிற அன்றைக்கே நாம் உருவாக்கி வைத்துவிடுகிறோம்.

இவ்வளவையும் சொல்லிவிட்டு நண்பரின் நோட்டில் ஒரு பக்கம் எழுதிக்கொடுத்தேன். நீங்களும் வீடு கட்டுவதாக இருந்தால் கிழித்து வைத்துக்கொள்ளுங்கள்.

முதலில் தரைக்குக் கீழே. கழிவறைக் குழாய்க்கு ஐந்தடிக்கு ஓர் அங்குலம் சரிவு கொடுங்கள். அதைவிடக் குறைந்தால் தேங்கும். குழாய் திரும்புகிற ஒவ்வொரு இடத்திலும் திறந்து பார்க்க ஒரு சேம்பர் கட்டுங்கள். செப்டிக் டேங்க் மூடியை இரண்டு பேர் தூக்கித் திறக்கிற மாதிரி வையுங்கள். டேங்கர் லாரியின் குழாய் எட்டுகிற இடத்தில் வையுங்கள். காற்றுக் குழாயைக் கூரைக்கு மேல் கொண்டுபோய் கொசுவலை கட்டிவிடுங்கள். டேங்க்கிலிருந்து வெளியேறும் தண்ணீருக்கான உறிஞ்சுகுழி, குடிதண்ணீர்க் கிணற்றிலிருந்து 60 அடியாவது தள்ளி இருக்கட்டும். மழைத்தண்ணீரை டேங்க்குக்குள் விட்டுவிடாதீர்கள். வண்டலைக் கலக்கி வெளியே தள்ளிவிடும்.

நிலத்தடி நீர் ஆழத்தில் இருக்கும் இடமானால், இரட்டைக் குழிக் கழிப்பறை இன்னும் நல்லது. 1970-ல் பீகாரில் 'சுலப்' இயக்கத்தைத் தொடங்கிய பிந்தேஷ்வர் பாடக் பரப்பிய முறை. ஒரு குழி நிரம்பினால் அடுத்த குழிக்கு மாற்றிவிடலாம். மூடிய குழி இரண்டு வருஷம் சும்மா கிடந்தால் நாற்றமில்லாத எருவாகிவிடும்.

அப்புறம் கூரை. மழைநீர் சேகரிப்பு 2003-லிருந்து தமிழ்நாட்டில் கட்டாயம். ஆயிரம் சதுர அடி மாடியில் ஒரு சென்டிமீட்டர் மழை பெய்தால் 900 லிட்டருக்கு மேல் தண்ணீர். தென்காசியில் தென்மேற்குச் சாரலும் உண்டு, ஐப்பசி கார்த்திகை அடைமழையும் உண்டு. இத்தனை தண்ணீரையும் தெருவில் விடுவதா?

காற்றுக்கு: மேற்குப் பக்க ஜன்னலுக்கு அகலமான சன்ஷேட் வேண்டும், இல்லையென்றால் சாரல் கட்டில்வரை வரும். கிழக்கே அதற்கு நேராக இன்னொரு ஜன்னல் வேண்டும். காற்று வருவதற்கு வழி விட்டால் போதாது, போவதற்கும் விடவேண்டும். கடைசியாகத்தான் சோலார். ஒரு கிலோவாட்டுக்கு நூறு சதுர அடி இடம் வேண்டும். சராசரியாக நாளைக்கு நாலு யூனிட் கிடைக்கும். 2024-ல் தொடங்கிய மத்திய அரசுத் திட்டத்தில் மூன்று கிலோவாட்டுக்கு 78,000 ரூபாய் மானியம் அறிவித்தார்கள். பேனலைத் தெற்குப் பார்த்து, பத்து டிகிரி சரித்து, நன்றாக இறுக்கிக் கட்டுங்கள். தென்காசிக் காற்று பேனலையும் தூக்கிப் பார்க்கும்! ஆடிச் சாரலில் வெயில் மறைந்து யூனிட் குறையும் என்பதையும் கணக்கில் வையுங்கள்.

"என் வீட்டுச் சாக்கடைக்கு இவ்வளவு யோசிக்கணுமா?" என்றார் நண்பர்.

குற்றாலத்தில் விழுகிற தண்ணீர் எங்கே போகிறது? சிற்றாறாகித் தென்காசி வழியாக ஓடி, சீவலப்பேரியில் தாமிரபரணியில் கலக்கிறது. வழியெல்லாம் ஊர், வயல். அருவியில் எண்ணெய், சோப்பு, ஷாம்பு போடக்கூடாது என்று 2014-ல் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை தடை போட்டது இதனால்தான். அருவியில் சோப்பு போடாமல் குளித்துவிட்டு, வீட்டுக்கழிவை வாய்க்காலில் திறந்துவிட்டால் என்ன பிரயோஜனம்? நம்ம வீட்டில் முடிகிற குழாய், யாரோ ஒருத்தர் வீட்டில் குடமாக ஆரம்பிக்கிறது.

பாண்டியன் கோயில் என்ன ஆயிற்று என்று சொல்லவில்லையே. அவர் பயந்தபடியே பழுது வந்தது. கோபுரம் சிதைந்து, தலைமுறை தலைமுறையாக 'மொட்டைக் கோபுர'மாகவே நின்றது. கடைசியில் ஊர் கூடி, சுமார் 180 அடி உயரத்துக்குப் புதுக் கோபுரம் எழுப்பி, 1990-ல் கும்பாபிஷேகம் செய்தார்கள். பாண்டியன் முன்கூட்டியே போட்ட கும்பிடு, ஐந்நூறு வருஷம் கழித்து அந்தக் கொத்தர்களுக்கும் ஸ்தபதிகளுக்கும் சித்தாள்களுக்கும் போய்ச் சேர்ந்தது.

நண்பர் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு கொத்தனாரைக் கூப்பிட்டார். "மூடி மேல டைல்ஸ் வேண்டாம்ப்பா. ரெண்டு பக்கமும் வளையம் வச்சு விட்டுரும். லாரி நிக்க வாசல்ல பத்தடி விட்டுரும்."

"பாக்க நல்லாருக்காதே அண்ணாச்சி..."

"நமக்கு நல்லாருக்காண்டாம். திறக்க வாரவனுக்கு நல்லாருக்கட்டும்" என்றார் நண்பர்.