பாய் போலச் சுருட்டும் சூரியத் தகடு



பாய் போலச் சுருட்டக்கூடிய சூரியத் தகடு நிஜமா என்று உங்களில் சிலர் கேட்டிருந்தீர்கள். நிஜம்தான். அதன் வரலாற்றைச் சொல்கிறேன், பொறுமையாகப் படியுங்கள்.

1839-இல் ரஷ்யாவின் யூரல் மலையில் கிடைத்த ஒரு கனிமத்துக்கு, ஜெர்மானிய அறிஞர் குஸ்தாவ் ரோஸ் ‘பெரோவ்ஸ்கைட்’ என்று பெயரிட்டார். பெரோவ்ஸ்கி என்பது ஒரு ரஷ்யப் பிரமுகரின் பெயர். அணுக்கள் அதே ஒழுங்கில் அடுக்கப்பட்ட மற்றப் பொருள்களுக்கும் பின்னாளில் அந்தப் பெயரே நிலைத்தது.

ஜப்பானின் யோகோஹாமாவில் பேராசிரியர் சுதோமு மியாசாகா இருந்தார். முன்பு ஃபியூஜி ஃபிலிம் நிறுவனத்தில் ஆராய்ச்சி செய்தவர். வேறொரு பல்கலைக்கழக மாணவரான அகிஹிரோ கோஜிமா அவரிடம் வந்து, பெரோவ்ஸ்கைட்டில் மின்சாரம் எடுத்துப் பார்க்கலாமா என்று கேட்டார். பேராசிரியர் சம்மதித்தார். 2009-இல் அவர்கள் வெளியிட்ட முடிவு 3.8 சதவீதத் திறன். உள்ளே இருந்த திரவமே அந்தப் பொருளைக் கரைத்தும் விட்டது. நூற்றுக்கு 3.8 வாங்கிய விடைத்தாளை யார் திரும்பிப் பார்ப்பார்கள்?

சிலர் பார்த்தார்கள். 2012-இல் திரவத்துக்குப் பதில் திடப்பொருளை வைத்து, தென்கொரியாவில் நாம்-கியூ பார்க் குழுவும், மியாசாகாவுடன் சேர்ந்து ஆக்ஸ்ஃபோர்டின் ஹென்றி ஸ்னெய்த் குழுவும் 10 சதவீதத்தை ஒட்டி எட்டின. இன்று ஆய்வகத்தில் 25 சதவீதத்தைத் தாண்டிவிட்டது.

சிலிக்கானை உருக்க 1,400 டிகிரிக்கு மேல் வெப்பம் வேண்டும். பெரோவ்ஸ்கைட்டை மை போலக் கரைத்துப் பூசி, 100 டிகிரியை ஒட்டிய சூட்டில் உலர்த்தினால் போதும். பிளாஸ்டிக் தாள் அந்தச் சூட்டைத் தாங்கும். பழைய கேமரா ஃபிலிமைப் போல, ஓடும் சுருளின் மேல் பூசிக்கொண்டே போகலாம்.

சொல்வது எளிது. ஆய்வகத்தில் செய்வது நகத்தளவுத் துண்டு. மீட்டர் கணக்கில் நீளும் தாளில் மை எங்கும் ஒரே சீராக உலர வேண்டும்; ஊசித்துளை இருந்தாலும் மின்சாரம் வீணாகும். ஈரம் பட்டால் பொருள் சிதையும். உள்ளே ஈயம் இருப்பதால் கசியாமல் மூடவும் வேண்டும். செகிசுயி என்ற ஜப்பானிய நிறுவனம் 30 செ.மீ. அகலச் சுருளில் 15 சதவீதம் எட்டியது. 2025 ஒசாகா கண்காட்சியில், பேருந்து நிலையக் கூரையில் சுமார் 250 மீட்டர் நீளத்துக்கு அதைப் பொருத்தினார்கள்.

இதில் ஜப்பானுக்கு ஒரு வலி உண்டு. 2000-களின் தொடக்கத்தில் உலகிலேயே அதிக சூரிய மின்கலம் செய்தது ஷார்ப் நிறுவனம். பிறகு அந்தத் தொழில் சீனாவுக்குப் போய்விட்டது. இப்போது சகாய் நகரில், அதே ஷார்ப்பின் தொழிற்சாலைக் கட்டடத்தில், 2027-இல் உற்பத்தியைத் தொடங்கச் செகிசுயி திட்டமிட்டிருக்கிறது. இதற்குத் தேவையான அயோடினும் ஜப்பானிலேயே கிடைக்கிறது. அயோடின் உற்பத்தியில் சிலிக்கு அடுத்த இடம் அவர்களுக்குத்தான்.

கண்டுபிடிப்பது ஒரு திறமை. அதை ஆயிரம் மீட்டருக்கும் பிசகாமல் செய்வது வேறொரு திறமை. முதலாவதில் ஜப்பான் தேறிவிட்டது. இரண்டாவது தேர்வை இப்போதுதான் எழுதிக்கொண்டிருக்கிறது. சீனாவும் அதே தேர்வு அறையில்தான் உட்கார்ந்திருக்கிறது.

உங்கள் வீட்டுப் பிள்ளைகளுக்கும் இதைச் சொல்லுங்கள். அன்புடன், உங்கள் ஆசிரியர்.