சீன மொழிக்குச் சென்ற வினாத்தாள்



ஒரு கேள்வியை ஒரு மொழியினின்று மற்றொரு மொழிக்கு மாற்றுவது எளிய செயல் என்றே பலரும் எண்ணுகின்றனர். நல்ல அகராதியும் இருமொழிப் பயிற்சியும் இருந்தால் போதும் என்பர். ஆனால், அக்கேள்விக்குக் கிடைக்கும் விடையை நம்பி ஒருவருக்கு நோய் உண்டா இல்லையா என்று முடிவு செய்ய வேண்டுமானால், அப்போதும் அவ்வாறு எண்ணத் துணிவோமா? உறக்க மூச்சுத்தடை என்னும் நோய்க்குரிய வினாத்தாள்கள் சீன மொழிக்குச் சென்ற வரலாறு இதற்கு விடை தருகிறது.

முதலில் நோயைப் பற்றிச் சில சொற்கள். நாம் உறங்கும்போது தொண்டைத் தசைகள் தளர்கின்றன. சிலருக்கு அத்தளர்ச்சியால் மூச்சு வழி அடைபட்டு, பத்து விநாடியோ அதற்கு மேலோ மூச்சு நின்றுவிடுகிறது. இரத்தத்தில் பிராணவாயு குறைகிறது, மூளை விழித்துக்கொண்டு உறக்கத்தைக் கலைக்கிறது, மூச்சு மீள்கிறது. கடும் நோயுற்றோர்க்கு இது ஓர் இரவில் நூற்றுக்கணக்கான முறை நிகழும். நோயாளியோ பெரும்பாலும் இதனை அறியார். அவருடைய குறட்டையை வீட்டார் அறிவர். பகலில் அவரை அழுத்தும் தூக்கத்தை உடன் பணிபுரிவோர் அறிவர். வண்டியோட்டும்போது அவர் கண்ணயர்ந்தால், தம் உயிரோடு பிறர் உயிருக்கும் தீங்கு நேரும்.

இதற்கு நல்ல சிகிச்சை உண்டு. சிட்னி நகரத்து மருத்துவர் காலின் சல்லிவன், மூக்கின் வழியாகக் காற்றழுத்தம் செலுத்தி மூச்சு வழியைத் திறந்து வைக்கும் முறையை 1981ஆம் ஆண்டில் வெளியிட்டார். ஆயினும், சிகிச்சை பெற வேண்டியவர் யார் என்று முதலில் கண்டறிய வேண்டுமன்றோ? திட்டமான சோதனைக்கு ஓர் இரவு முழுவதும் கருவிகளைப் பொருத்தி உறங்க வைக்க வேண்டும். குறட்டை விடுவோர் அனைவருக்கும் இது இயலாது. எனவேதான் வினாத்தாள் தேவைப்பட்டது.

மெல்போர்ன் நகரில் எப்வொர்த் மருத்துவமனையில் பணியாற்றிய மருத்துவர் மரே ஜான்ஸ், 1991ஆம் ஆண்டில் அத்தகைய வினாத்தாள் ஒன்றை வெளியிட்டார். அதில் எட்டே கேள்விகள். அமர்ந்து படிக்கையில், தொலைக்காட்சி பார்க்கையில், காரில் ஒரு மணி நேரம் பயணியாகச் செல்கையில், பிற்பகலில் படுத்து ஓய்வெடுக்கையில் என்று எட்டு நிலைகளைக் கூறி, ஒவ்வொன்றிலும் கண்ணயரும் வாய்ப்பு எவ்வளவு என்று அது வினவும். ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 3 வரை மதிப்பெண், மொத்தம் 24. பத்துக்கு மேற்பட்டால் பகல் தூக்கம் மிகுதி எனக் கொள்வர். இவ்வினாத்தாளைச் சீன நோயாளரிடம் பயன்படுத்திய ஆய்வு 2000ஆம் ஆண்டில் ஹாங்காங்கிலிருந்தும், சீன வடிவத்தைச் சோதித்த ஆய்வு 2002ஆம் ஆண்டில் தைவானிலிருந்தும் வெளிவந்தன.

இடர்ப்பாடுகள் யாவை? முதலாவது சொல். ஜான்ஸ் வினவியது களைப்பை அன்று, கண்ணயர்தலையே. சீனத்தில் களைப்புக்கு 'லெய்' என்றும், தூக்கக் கலக்கத்துக்குக் 'குன்' என்றும் தனித்தனிச் சொற்கள் உள்ளன. முன்னதை இட்டால், நாள் முழுதும் உழைத்த நலமுள்ள மனிதனும் நோயாளியாகத் தோன்றுவான். மேலும், சீனம் எழுத்தில் ஒருவாறும் பேச்சில் பலவாறும் வழங்குவது. ஹாங்காங், தைவான் மக்கள் பழைய எழுத்து வடிவங்களைப் படிப்பர். சீனப் பெருநிலத்தார் 1956 முதல் நடைமுறைக்கு வந்த எளிய வடிவங்களைப் படிப்பர். ஆகவே ஓரிடத்து வடிவத்தை அப்படியே மற்றோரிடத்தில் வழங்க இயலாது.

இரண்டாவது இடர்ப்பாடு வாழ்க்கை முறை. ஹாங்காங் மக்களுள் மிகப் பலர் இரயிலிலும் பேருந்திலும் செல்பவர்கள். காரில் ஏறாத முதியவர் அக்கேள்விக்குச் சுழி இட்டால் மொத்த மதிப்பெண் குறையும். உண்மையில் 11 பெறவேண்டியவர் 9 பெற்று, நோயற்றவர் என வீடு திரும்பக்கூடும். பழக்கமில்லாத நிலையையும் கற்பனை செய்து விடையளிக்குமாறு ஜான்ஸ் குறிப்பிட்டிருந்தார். ஆனால் அறியாத ஒன்றைக் கற்பனை செய்வது எளிதன்று. இதற்கு நேர்மாறானது பிற்பகல் கேள்வி. சீனரிடையே நண்பகல் உறக்கம் நெடுங்காலப் பழக்கம். தைவான் பள்ளிகளில் அதற்கெனத் தனி நேரமே உண்டு. அங்கே மிகுந்த மதிப்பெண் பழக்கத்தைக் காட்டுகிறதா, நோயைக் காட்டுகிறதா?

மூன்றாவது எண். டொராண்டோ மருத்துவர் பிரான்சிஸ் சுங்கும் அவருடன் உழைத்தோரும் 2008ஆம் ஆண்டில் வெளியிட்ட மற்றொரு வினாத்தாள், உடல் நிறை எண் 35க்கு மேற்பட்டதா என்று வினவுகிறது. 170 சென்டிமீட்டர் உயரமுள்ளவர் இவ்வெண்ணை எட்ட 101 கிலோ எடை வேண்டும். சீன நாட்டு அளவுகோலோ 28லேயே உடற்பருமன் என்கிறது. அஃதாவது ஏறத்தாழ 81 கிலோ. ஆனால் நோய் அங்கே குறைவா? இல்லை. அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில் 1993ஆம் ஆண்டு வெளியான ஆய்விலும், ஹாங்காங்கில் 2001ஆம் ஆண்டு வெளியான ஆய்விலும், நடுத்தர வயது ஆண்களில் நூற்றுக்கு ஏறக்குறைய நால்வர்க்கு இந்நோய் காணப்பட்டது. முகவெலும்பின் அமைப்பு இதற்கு ஒரு காரணம் என்பர். ஆகவே, சொற்களைச் செம்மையாகப் பெயர்த்து எண்ணை மட்டும் அப்படியே விட்டால், மெலிந்த நோயாளி தப்பிவிடுவார்.

இவற்றைக் களைய அறிஞர் கையாளும் முறை உண்டு. ஒருவர் சீனத்தில் பெயர்ப்பார். மூலத்தைக் காணாத மற்றொருவர் அதனை மீண்டும் ஆங்கிலமாக்குவார். இரண்டையும் ஒப்பிட்டுப் பிழை காண்பர். ரிச்சர்டு பிரிஸ்லின் 1970ஆம் ஆண்டில் இம்முறையை விரிவாக ஆராய்ந்தார். ஆனால் அத்துடன் பணி முடிவதில்லை. ஆசிரியப் பயிற்சியின்போது எங்களுக்கு இரு சொற்களைக் கற்பித்தார்கள்: நம்பகம், ஏற்புடைமை. ஒரே பொருளுக்கு எப்போதும் நூறு கிராம் கூட்டிக் காட்டும் தராசு மாறாதது; ஆனால் சரியானதன்று. நம்பகம் மட்டும் இருந்து ஏற்புடைமை இல்லாத வினாத்தாளும் அத்தகையதே. என் மாணவர்க்கு வினாத்தாள் அமைத்த காலமெல்லாம் நான் மறவாத பாடம் இது.

நோயாளரின் வாழ்க்கை நலனை அளக்கக் கனடாவின் கல்கரி நகரில் உருவாகி 1998ஆம் ஆண்டில் வெளிவந்த ஒரு வினாத்தாளின் சீன வடிவத்தை, ஹாங்காங் அறிஞர்கள் 2004ஆம் ஆண்டில் சோதித்தபோது, இவ்விரண்டோடு மூன்றாவதொன்றையும் நோக்கினர். நோயாளியின் நிலை மாறும்போது விடையும் மாறுகிறதா என்பதே அது. நோய் தணிந்த பின்னும் மாறாத விடையால் பயன் என்ன?

மாணவர்களே, வேற்று மொழி நூல்களைத் தமிழாக்கும் பணி நாளை உங்களுள் சிலரை வந்தடையும். மூலநூலாசிரியர் எழுதிய சொல்லை மட்டும் பாராதீர்கள். அவர் அறிய விரும்பியது யாது என்று கேளுங்கள். பின்னர், விடையளிக்கப் போகும் மனிதர் எந்த வண்டியில் செல்பவர், எப்போது உறங்குபவர் என்றும் கேளுங்கள். உறக்கத்தில் தம் மூச்சு நிற்பதை அறியாத ஒருவருக்கு, நாம் கேட்கும் கேள்வியே முதல் மருந்தாக அமையக்கூடும்.