ஆட்ட விரிப்பு: தரைக்கட்டத்திலிருந்து மின்னணு விரிப்பு வரை

ஆட்ட விரிப்பு என்பது காய்களையோ சீட்டுகளையோ வைத்து ஆடுவதற்காகத் தரையிலோ மேசையிலோ விரிக்கப்படும் கட்டமிட்ட துணி அல்லது ரப்பர் பாய். சேகரிப்புச் சீட்டு விளையாட்டுகளுக்காக உணரிகளையும் விளக்குகளையும் பொருத்தி வீட்டிலேயே செய்யப்படும் மின்னணு விரிப்பு இதன் அண்மைக்கால வடிவம். ஆட்டத்தளத்தைத் தானே செய்துகொள்வது புதுக்கோட்டை மாவட்டத்து ஊர்களுக்குப் பழைய வழக்கம். தளமே ஆட்டத்தைக் கவனிப்பதுதான் புதிது.

தரைக்கட்டம்

குடுமியான்மலை, நார்த்தாமலை, திருமயம் எனக் குன்றும் பாறையும் மிகுந்தது புதுக்கோட்டை மாவட்டம். தமிழகத்தின் பிற பகுதிகளைப் போலவே இங்கும் தாயம், ஆடுபுலி ஆட்டம், பல்லாங்குழி ஆகியவை ஆடப்பட்டு வந்துள்ளன. இவற்றுக்கெனப் பலகை வாங்க வேண்டியதில்லை. திண்ணையில் கரித்துண்டாலோ சாக்பீஸாலோ ஐந்துக்கு ஐந்து கட்டம் போட்டால் தாயத்துக்குப் போதும். ஆடுபுலிக்கு 23 புள்ளிகள் கொண்ட முக்கோணக் கோடுகள், 3 புலி, 15 ஆடு. கூழாங்கல், உடைந்த வளையல், புளியங்கொட்டை எல்லாம் காய்களாகும். பித்தளைத் தாயக்கட்டை இல்லாத வீட்டில் புளியங்கொட்டையின் ஒரு பக்கத்தைக் கல்லில் தேய்த்து வெள்ளையாக்கி உருட்டினர்.

கட்டம் ஊமையானது. எந்தக் காய் எங்கே இருந்தது, யார் எத்தனை போட்டார் என்பதெல்லாம் ஆடுபவர்களின் நினைவிலும் சுற்றி இருப்பவர்களின் கண்ணிலும் இருந்தன. ஒரு கட்டம் கூடுதலாக நகர்த்தினால் ‘அழுகுணி ஆட்டம்’ என்று கூச்சல் எழும். பக்கத்தில் உட்கார்ந்து வேடிக்கை பார்க்கும் பாட்டியின் தீர்ப்பே முடிவு. அந்தக் கூச்சலும் ஆட்டத்தின் ஒரு பகுதியாகவே இருந்தது.

தரைக்கட்டத்தைத் தூக்கிச் செல்ல முடியாது. சொக்கட்டான் ஆட்டத்துக்கான சிலுவை வடிவத் துணி இக்குறையைத் தீர்த்தது. நான்கு கைகளிலும் கட்டங்கள் தைக்கப்பட்ட இத்துணியை ஆட்டம் முடிந்ததும் காய்களோடு சுருட்டி எடுத்து வைக்கலாம். இன்று சீட்டு ஆடும் இளைஞர்கள் சுருட்டி எடுத்துச் செல்லும் ரப்பர் விரிப்புக்கு இதுவே நெருங்கிய உறவு.

கவனிக்கும் பலகை

ஆட்டப்பலகைக்கு மின்சாரம் முதலில் வந்தது சதுரங்கத்தின் வழியாக. ஸ்பெயின் நாட்டுப் பொறியாளர் லியோனார்டோ டோரஸ் கெவேதோ 1912இல் ஒரு சதுரங்க இயந்திரத்தை உருவாக்கினார். ராஜாவும் யானையும் இயந்திரத்தின் பக்கம், எதிராளிக்கு ராஜா மட்டும். கட்டங்களில் இருந்த மின்தொடர்புகள் எதிராளியின் ராஜா நிற்கும் இடத்தை இயந்திரத்துக்குக் காட்டின. எதிராளி விதி மீறி நகர்த்தினால் விளக்கு எரியும். மூன்றாம் முறை மீறினால் இயந்திரம் ஆட்டத்தையே நிறுத்திவிடும். அழுகுணி ஆட்டத்தைப் பாட்டியின் துணையின்றிப் பலகையே கண்டுபிடித்த தொடக்ககால நிகழ்வு இது. 2022இல் மாமல்லபுரத்தில் நடந்த 44ஆவது செஸ் ஒலிம்பியாடில், நகர்வுகளைத் தாமே உணர்ந்து இணையத்துக்கு அனுப்பும் மின்னணுப் பலகைகள் பயன்பட்டன.

சீட்டுகளுக்கு விரிப்பு

1990களில் தமிழகச் சிறுவர்கள் கிரிக்கெட் வீரர்கள், மல்யுத்த வீரர்கள் படமிட்ட டிரம்ப் சீட்டுகளை ஆடினர். அதில் இரண்டு எண்களை ஒப்பிட்டால் போதும், தளம் தேவையில்லை. ரிச்சர்ட் கார்ஃபீல்ட் வடிவமைத்து 1993இல் வெளிவந்த ‘மேஜிக்: தி கேதரிங்’, ஜப்பானில் 1996இல் வந்த போக்கிமான் சீட்டு விளையாட்டு ஆகியவை வேறு வகை. சீட்டுக்கட்டு, கழித்த சீட்டு, களத்தில் உள்ள சீட்டு என ஒவ்வொன்றுக்கும் தனியிடம் வேண்டும். விரிப்பு அதற்காகவே வந்தது. 2007இல் சோனி வெளியிட்ட ‘தி ஐ ஆஃப் ஜட்ஜ்மென்ட்’ ஆட்டத்தில், ஒன்பது கட்டத் துணிமேல் வைத்த சீட்டின் குறியீட்டைக் கேமரா மேலிருந்து படித்தது.

வீட்டில் செய்யும் விரிப்பு

2005இல் இத்தாலியில் உருவான ஆர்டுயினோ போன்ற மலிவான மின்பலகைகள் இதை வீட்டுக்குக் கொண்டுவந்தன. மிக எளிய முறை, விரிப்பில் துளையிட்டு அடியில் ஒளியுணர் மின்தடைகளை வைப்பது. சீட்டு மூடினால் வெளிச்சம் குறையும், அங்கே ஒரு சீட்டு இருப்பது தெரியும். எந்தச் சீட்டு என்று தெரியாது. அதை அறிய என்.எஃப்.சி. வில்லை தேவை. வில்லையைச் சீட்டில் ஒட்டினால் சீட்டின் மதிப்புக் கெடும் என்பதால் பிளாஸ்டிக் உறையின் உட்புறம் ஒட்டுவர். விரிப்பின் அடியில் உள்ள படிப்பான் 13.56 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் சில சென்டிமீட்டர் தொலைவுக்குள் வில்லையின் எண்ணைப் படிக்கும். இரும்பு மேசை மேல் விரித்தால் படிப்பது தடுமாறும், மரப்பலகையே ஏற்றது. படிப்பான்கள் அருகருகே இருந்தால் ஒன்றையொன்று குழப்பும். எனவே ஒவ்வொன்றாக இயக்க வேண்டும்.

இன்னொரு சிக்கல் உண்டு. மேஜிக் ஆட்டத்தில் பயன்படுத்திய சீட்டைப் பக்கவாட்டில் திருப்பி வைப்பார்கள். சீட்டு திரும்பியதை வில்லை சொல்லாது. திருப்பினால் மட்டும் மூடப்படும் இடத்தில் ஓர் ஒளியுணர்வியைக் கூடுதலாக வைத்தால் இது தீரும். பழைய எளிய முறையும் புதிய முறையும் இப்படி ஒரே விரிப்பில் சேர்கின்றன. ஒவ்வொருவருக்கும் 20 எனத் தொடங்கும் உயிர்ப்புள்ளிகளைக் கணக்கிட்டு விளக்குகளால் காட்டுவது நிரலின் வேலை.

தாயத்துக்கும் இவ்விரிப்பு பொருந்தும், கட்டம் 25 மட்டுமே. கடினமானது நிரல். எந்த எண் விழுந்தால் மறுமுறை உருட்டலாம், எதிரியின் காயை வெட்டாதவர் உள்கட்டத்துக்குள் நுழையலாமா என்பவை ஊருக்கு ஊர், சில வேளை தெருவுக்குத் தெரு மாறுபவை. தொழிற்சாலையில் செய்த பலகை இவற்றில் ஒன்றைத் தேர்ந்து மற்றதை அழுகுணி ஆட்டம் என்றுவிடும். வீட்டில் செய்பவர் தன் வீட்டு விதியை எழுதலாம், அதற்கு முன் அதை யாரிடமாவது கேட்டறிய வேண்டும். தரைக்கட்டத்தோடு விதிகள் எழுதி வைக்கப்படவில்லை.