இரும்புக்கை மாயாவி (முத்து காமிக்ஸ் முதல் இதழ்)

'இரும்புக்கை மாயாவி' என்பது சிவகாசியிலிருந்து வெளிவரும் முத்து காமிக்ஸின் முதல் இதழ். 1972 ஜனவரியில் 90 பைசா விலையில் வந்தது. பதிப்பாளர் சௌந்திரபாண்டியன், ஆசிரியர் முல்லை தங்கராசன்.

மூலக்கதை தமிழுடையதன்று. பிரிட்டனில் ஃப்ளீட்வே நிறுவனம் நடத்திய 'வேலியண்ட்' வார இதழில் 1962 அக்டோபரில் தொடங்கிய 'தி ஸ்டீல் க்ளா' என்ற படத்தொடர் அது. முதலில் எழுதியவர் கென் புல்மர். பின்னர் டாம் டுல்லி தொடர்ந்தார். படங்கள் ஸ்பெயின் நாட்டு ஓவியர் ஹேசுஸ் பிளாஸ்கோவினுடையவை. கறுப்பு மையில் அவர் தேக்கிவைக்கும் நிழல்கள்தான் கதையின் பாதி பலம்.

நாயகன் லூயிஸ் கிராண்டேல், பேராசிரியர் பாரிஞ்சரின் ஆய்வக உதவியாளன். இழந்த வலக்கைக்குப் பதிலாக இரும்புக்கை பொருத்தியவன். ஆய்வக விபத்தில் உயர் மின்னழுத்தம் பாய, உடல் மறைகிறது. இரும்புக்கை மட்டும் கண்ணுக்குத் தெரிகிறது. அது முதல் மின்சாரம் உடலில் ஏறும்போதெல்லாம் மறைவான். சிறிது நேரத்தில் அந்த விளைவு நீங்கிவிடும். வீட்டு பிளக்கும் வெறும் கம்பியும் ஒரு வீரனுக்கு ஆகாரமாவது சிறுவர் கதைக்குச் சற்று விபரீதமான யோசனைதான்.

வியப்பு என்னவென்றால், வல்லமை வந்த கையோடு அவன் செய்வது ஊர்க்காவல் அல்ல, கொள்ளை. மறைந்த உடலின் முன்னே இரும்புக்கை மட்டும் அந்தரத்தில் நீண்டு பணத்தை அள்ளுகிறது. விபத்தே அவன் புத்தியைத் திரித்தது என்ற சமாதானம் பிறகு வருகிறது. அதன் பின்னரே அவன் 'நிழற்படை' என்னும் ரகசிய அமைப்பின் உளவாளியாகிறான்.

தமிழ்ப் பெயர் இந்த இருமுகத்துக்கு மூலத்தைவிட நன்றாகப் பொருந்துகிறது. ஆங்கிலத் தலைப்பு கையை மட்டுமே சொல்கிறது. மாயாவியோ ராமாயணத்தில் வாலியைக் குகைவரை இழுத்துச் சென்ற அசுரனின் பெயர். மறைபவன், ஏய்ப்பவன் என்ற வாடை அதில் உண்டு. பின்வந்த இதழ்களில் மாயாவி நல்லவனாகவே நிலைபெற, அந்த வாடை மங்கிப்போனது.

'உறைபனி மர்மம்', 'நாச அலைகள்', 'பாம்புத் தீவு' முதலிய மாயாவி கதைகளும் முத்து காமிக்ஸில் வெளிவந்தன. சௌந்திரபாண்டியனின் மகன் எஸ். விஜயன் 1984இல் தொடங்கிய லயன் காமிக்ஸ், ஸ்பைடர் என்ற இன்னொரு பிரிட்டிஷ் குற்றச் சக்கரவர்த்தியைத் தமிழில் உலவவிட்டது. அவன் கதைகள் பலவற்றை எழுதியவர் சூப்பர்மேனைப் படைத்த இருவரில் ஒருவரான ஜெர்ரி சீகல்.