தீவுத்திடலில் தீவு எங்கே?

இராயபுரத்திலிருந்தும் திருவொற்றியூரிலிருந்தும் வரும் நம் மாணவர்களோடு தீவுத்திடலைக் கடக்கும்போதெல்லாம் யாரேனும் ஒருவர் கேட்டுவிடுவார்: "ஐயா, இங்கே தீவு எங்கே இருக்கிறது?" பொருட்காட்சியைக் கொண்டே அவ்விடத்தை அறிந்தவர்கள் அவர்கள். பெயர் பொய்யன்று. ஒருபுறம் கூவமும் மறுபுறம் எழும்பூர் ஆறும் வளைந்து சூழ்ந்த நிலம் அது. கூவத்தை அறியாதார் இல்லை. எழும்பூர் ஆற்றைத்தான் நாம் மறந்துபோனோம்.

வடக்கிலிருந்து கடலுக்கு இணையாக ஓடிவந்து கோட்டையருகே கூவத்தோடு கலந்த ஆறு அது. கடலுக்கும் அதற்கும் இடைப்பட்ட மணல்திட்டில்தான் பட்டணம் பிறந்தது. 1639இல் தாமர்ல வெங்கடாத்ரி நாயக்கரிடம் பிரான்சிஸ் டே பெற்ற இடம் அதுவே. மூன்று புறமும் நீர், வடக்கே மட்டும் நிலம். கிட்டத்தட்ட ஒரு தீவு. (திருவொற்றியூர்க்காரர்கள் 1639 என்றால் சிரிப்பார்கள். அப்பரும் சுந்தரரும் பாடிய ஊர் அவர்களுடையது.)

கோட்டைக்குள் வெள்ளையர், அதன் வடசுவரை ஒட்டி நெசவாளரும் வணிகரும் துபாஷிகளும் வாழ்ந்த கறுப்பர் நகரம். அதன் நடுவே சென்னகேசவப் பெருமாள் கோயில். மக்கள் அதைப் பட்டணம் கோயில் என்றே வழங்கினர். சென்னை என்னும் பெயருக்கு அப்பெருமாளே மூலம் என்பாரும் உளர். நாயக்கரின் தந்தை சென்னப்பரே மூலம் என்பாரும் உளர். அவ்வழக்கை இங்கே தீர்க்கப்போவதில்லை.

1746இல் பிரெஞ்சுக்காரர் கோட்டையைப் பிடித்தனர். சுவருக்கு அருகே வீடுகள் இருந்தால் அவை எதிரிக்கு மறைவிடம் என்பது அக்காலப் போர்க்கணக்கு. ஆகவே ஒரு பகுதியை அவர்கள் இடித்தார்கள். 1749இல் ஊரைத் திரும்பப் பெற்ற ஆங்கிலேயர் மிச்சத்தையும் இடித்துத் தள்ளினார்கள். இருவரும் ஒன்றுபட்ட காரியம் இது ஒன்றே எனலாம். 1757இல் கோயிலும் போயிற்று. அடுத்த ஆண்டின் இறுதியில் லாலி முற்றுகையிட வந்தபோது அங்கே பட்டணமும் இல்லை, பட்டணம் கோயிலும் இல்லை.

பாரிஸ் நகரின் மூலமான சித்தே தீவிலும் பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஓஸ்மான் என்னும் அதிகாரி குடியிருப்புகளைப் பெருமளவு இடித்தார். ஆனால் அங்கே நோத்ர்தாம் பேராலயம் நின்றது. இங்கே குடிகளோடு கோயிலும் பெயர்ந்தது.

பெயர்ந்தவர்கள் முத்தியால்பேட்டையிலும் பெத்தநாயக்கன்பேட்டையிலும் பரவினர். இன்றைய ஜார்ஜ் டவுன் அதுதான். 1760களில் மணலி முத்துகிருஷ்ண முதலியாரின் முயற்சியால் தேவராஜ முதலித் தெருவில் சென்னகேசவருக்கும் சென்னமல்லீசுவரருக்கும் இரட்டைக் கோயில்கள் எழுந்தன, கும்பினியும் உதவியது. மணலி என்றால் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலை மட்டுமே நினைவுக்கு வரும் நம் மாணவர்களுக்கு இதைச் சொல்வதில் தனி மகிழ்ச்சி.

பழைய நகரம் நின்ற வெளியில் இனி எவரும் கட்டக் கூடாதென்று 1773இல் ஆறு எல்லைத்தூண்கள் நடப்பட்டன. அவற்றுள் ஒன்று இன்றும் பாரிமுனையில், டேர் ஹவுஸ் வளாகத்தில் இருக்கிறது. அத்தனை காவல் காத்த வெளியில்தான் 1892இல் உயர் நீதிமன்றம் திறக்கப்பட்டது! கோயில் இருந்த இடம் அவ்வளாகத்துக்குள் அடங்கும்.

ஆறு என்னவாயிற்று? பதினெட்டாம் நூற்றாண்டில் கோட்டையை மேற்கே விரித்தபோது அதன் போக்கைத் திருப்பிப் பழைய படுகையைத் தூர்த்தனர். பொது மருத்துவமனைப் பக்கம் இருந்த நரிமேடு என்னும் குன்றும் கரைக்கப்பட்டது. எஞ்சிய ஆற்றுத்தடம், எண்ணூர் நோக்கி வெட்டப்பட்ட காக்ரேன் கால்வாயோடு சேர்ந்து, பின்னாளில் பக்கிங்காம் கால்வாயாயிற்று.

ஆகஸ்ட் 22 அன்று சென்னை தினம் கொண்டாடுகிறோம். நாயக்கர் தந்த மானியத்தின் நாள் அது. கோயில் இடிந்த 1757ஐ நினைக்க ஒரு நாள் இல்லை. பாரிமுனையில் பேருந்துக்குக் காத்திருக்கும் நம் மாணவர்களிடம் அந்தத் தூணைக் காட்டினோம். தினமும் அதைக் கடந்தே கல்லூரிக்கு வந்திருக்கிறார்கள். ஒருவர் தம் பாட்டி இன்றும் "பட்டணத்துக்குப் போய்வருகிறேன்" என்று சொல்லித்தான் பூக்கடைக்குக் கிளம்புவார் என்றார். பூக்கடையிலிருந்து தேவராஜ முதலித் தெரு கூப்பிடு தூரம்.