செல்லுக்குள் ஒரு தீவின் பெயர்

வலிப்பு வந்தவர் கையில் சாவிக்கொத்தைத் திணிக்கும் கூட்டத்தில் நானும் நின்றிருக்கிறேன். அதை மூடநம்பிக்கை என்று ஒதுக்கிவிட்டு விஞ்ஞானத்தின் பக்கம் போய் நின்றுகொள்வது நமக்குச் சுலபம். ஆனால் விஞ்ஞானம் தன் சாவியை எங்கிருந்து எடுத்தது என்று யார் கேட்பது?

பாரிஸின் சால்பெத்ரியேர் மருத்துவமனை, 1656 ஆணைப்படி ஏழைப் பெண்களை அடைத்துவைத்த இடம். ஃபூக்கோ பேசிய பெரும் அடைப்பின் ஒரு முகம். அங்கே வலிப்போடு வாழ்ந்து 1879இல் இறந்துபோன 15 வயதுப் பெண்ணின் மூளையை பூர்ன்வில் அறுத்துப் பார்த்தார். மடிப்புகளில் கிழங்கு போல இறுகிய கட்டிகள். 1880இல் அதை எழுதினார். நோய்க்கு அவர் பெயர் நிலைத்தது. அவள் வெறும் நோயாளிக் குறிப்பாக மிஞ்சினாள்.

அடுத்த காட்சி ஈஸ்டர் தீவு. அதன் மக்கள் சொல்லும் பெயர் ராப்பா நூயி. 1964 டிசம்பரில் கனடாவின் மருத்துவக் குழு அங்கே போய் இறங்கியது. மக்களிடம் ரத்தம் எடுத்தது, மண்ணையும் அள்ளியது. அப்போது அந்த மக்களுக்குச் சிலியில் ஓட்டுரிமைகூட இல்லை. அதே மாதங்களில்தான் அல்ஃபோன்சோ ராப்பு என்ற இளம் ஆசிரியர் தலைமையில் உரிமை கேட்டு எழுந்தார்கள். 1966இல்தான் சட்டம் வந்தது. மண் மாண்ட்ரியால் ஆய்வுக்கூடத்துக்குப் போயிற்று. அதிலிருந்த நுண்ணுயிரிலிருந்து சுரேந்திரநாத் சேகல் குழு பிரித்தெடுத்த பொருளுக்குத் தீவின் பெயரையே வைத்தார்கள்: ரபமைசின்.

சரி, வலிப்புக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்? செல்லுக்குள் ஒரு சமிக்ஞைப் பாதை ஓடுகிறது. ‘சாப்பாடு இருக்கு, வளரு’ என்று சொல்லும் புரதம் எம்டார். 1994இல் அடையாளம் காணப்பட்டது. பெயரைப் பிரித்தால் ‘ரபமைசினின் இலக்கு’. ‘போதும்’ என்று அதை அடக்குபவை வேறு இரண்டு புரதங்கள். இவற்றின் மரபணுக்கள் 1993இலும் 1997இலும் தெரியவந்தன. இரண்டில் ஒன்று பழுதானாலும் பிரேக் போச்சு. நரம்புச் செல்கள் பெருத்து, இடம் தவறி அமைகின்றன, மின்துடிப்பு கட்டுமீறுகிறது. பூர்ன்வில் கண்ட கிழங்குகள் இவைதான். இந்தத் தொடர்பு 2002இல் நிறுவப்பட்டது.

ரபமைசினின் வழிவந்த எவரோலிமஸ் மருந்தை 366 பேரிடம் சோதித்த முடிவு 2016இல் வெளிவந்தது. அதிக அளவு பெற்றவர்களில் 40 சதவீதத்தினருக்கு வலிப்பு பாதிக்குப் பாதியாவது குறைந்தது. வெற்று மாத்திரை பெற்றவர்களில் 15 சதவீதத்தினருக்கு. ஆகவே மருந்தே அதிகாரத்தின் சூழ்ச்சி என்று நான் சொல்லவரவில்லை. வலிப்பில் துடிக்கும் குழந்தையின் தாயிடம் போய் அப்படிப் பேசுவது அயோக்கியத்தனம். மருந்து வேலை செய்கிறது. அதனாலேயே பங்கு பற்றிய கேள்வி கூர்மையாகிறது.

வருமானத்தில் தீவு மக்களுக்குப் பங்கு போகவில்லை. மண் எடுத்ததை நினைவுகூர்ந்து பிரேசில் ஆய்வாளர்கள் 2000இல் அங்கே ஒரு பலகை வைத்தார்கள். போர்த்துக்கீசிய மொழியில். நம் ஒவ்வொரு செல்லிலும் அத்தீவின் பெயர் எழுதியிருக்கிறது. தீவின் பலகையில் அத்தீவின் மொழி இல்லை.